88 கட்டை வெயிட்டட் கன்ட்ரோலர்: எதைப் பார்த்து வாங்குவது?

[திரையில்: முழு நீளக் கீபோர்டு, மேலிருந்து எடுத்த காட்சி]

வணக்கம். மியூசிக் புரொடக்‌ஷனுக்காக 88 கட்டை வெயிட்டட் கன்ட்ரோலர், அதாவது பியானோ போலக் கனமான கட்டைகளோடு கம்ப்யூட்டரில் உள்ள ஒலிகளை வாசிக்க உதவும் கீபோர்டு, வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கான வீடியோ இது. விளம்பரப் படத்தில் முதலில் கண்ணில் படுவது திருகும் நாப், தட்டும் பேட், ஸ்க்ரீன், கலர் விளக்கு. இப்போதைக்கு அவற்றை ஒதுக்கி வையுங்கள். நாபும் பேடும் வேண்டுமென்றால் பிறகு தனியாக ஒரு சின்னக் கருவி வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கட்டைகளை அப்படி மாற்ற முடியாது. அதனால் இன்று பெரும்பாலும் கட்டைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இந்த வகைக் கருவி உங்களுக்குத் தேவையா என்பதை முதலில் பார்த்துவிடலாம். நீங்கள் செய்வது பெரும்பாலும் பீட், சிந்த் பேஸ், லீட் என்றால் 61 கட்டை உள்ள லேசான கீபோர்டே போதும்; சொல்லப்போனால் அதுதான் நல்லது. கனமான கட்டையில் வேகமான சிந்த் லைன் வாசித்தால் விரல் சீக்கிரம் களைத்துவிடும், ஆர்கன் வாசிப்பில் கையைச் சறுக்கி இழுப்பதும் சிரமம். பியானோ, எலெக்ட்ரிக் பியானோ வாசிப்பவர்கள், இரண்டு கையாலும் ஆர்கெஸ்ட்ரா ஸ்கெட்ச் போடுபவர்கள் தொடர்ந்து பாருங்கள்.

[திரையில்: கட்டையின் குறுக்கு வெட்டுப் படம், அடியில் இரண்டு ரப்பர் குமிழ்கள்]

கன்ட்ரோலரிலிருந்து சத்தம் வராது. அது கம்ப்யூட்டருக்கு எண்களைத்தான் அனுப்புகிறது. மிடி என்கிற அந்த மொழி 1983-இல் வந்தது. அதில் ஒரு கட்டையை எவ்வளவு பலமாக வாசித்தீர்கள் என்பதைச் சொல்வது வெலாசிட்டி. அது 1 முதல் 127 வரை போகும்.

கருவி உங்கள் பலத்தை நேரடியாக அளப்பதில்லை, வேகத்தைத்தான் அளக்கிறது. படத்தில் பாருங்கள். கட்டை கீழே போகும்போது முதல் குமிழ் சர்க்யூட்டைத் தொடுகிறது, கொஞ்சம் கழித்து இரண்டாவது தொடுகிறது. இடைப்பட்ட நேரம் குறைவாக இருந்தால் பலமான அடி, அதிகமாக இருந்தால் மென்மையான அடி. உங்கள் விரலின் உணர்ச்சி முழுவதும் அந்தச் சில மில்லி விநாடிகளுக்குள் அடங்கி, ஒரே ஓர் எண்ணாக வெளியே வருகிறது. எத்தனை ஜிபி பியானோ லைப்ரரி (பதிவு செய்த பியானோ ஒலிகளின் தொகுப்பு) வைத்திருந்தாலும் அதற்குத் தெரிவது அந்த எண் மட்டும்தான்.

ஆக, கட்டையிடம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. விரலுக்கு எப்படி இருக்கிறது? விரல் செய்ததை எண் ஒழுங்காகச் சொல்கிறதா?

[திரையில்: செமி வெயிட்டட், ஹாமர் ஆக்‌ஷன் என்று இரண்டு கீபெட்கள் அருகருகே]

முதலில் விரல். செமி வெயிட்டட் என்று போட்டிருந்தால் ஸ்பிரிங்கோடு கொஞ்சம் எடை சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். ஹாமர் ஆக்‌ஷன் என்றால் உள்ளே ஒரு சுத்தியல் போன்ற எடை உண்மையாகவே எழுந்து விழுகிறது. கிரேடட் என்றால் பியானோவில் உள்ளதைப் போல இடதுபக்கக் கட்டைகள் கனமாகவும், வலப்பக்கம் போகப்போக லேசாகவும் இருக்கும். 'முழு வெயிட்டட்' என்ற சொல்லை மட்டும் அட்டையில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். கட்டைகளும் அவற்றின் இயக்கமும் சேர்ந்த பகுதியான கீபெட்டை யார் செய்தது, எந்த மாடல் என்று தேடுங்கள். இத்தாலியின் ஃபாட்டார் நிறுவனம் பல பிராண்டுகளுக்குக் கீபெட் செய்து தருகிறது. ஆனால் ஒரே கீபெட் இரண்டு பிராண்டில் இருந்தாலும் வெலாசிட்டியைக் கணக்கிடும் விதம் வேறாக இருக்கலாம். பெயர் தெரிந்துகொள்வது பாதி வேலைதான்.

நல்ல கிராண்ட் பியானோவில் ஒரு கட்டை கீழே இறங்கச் சுமார் 50 கிராம் எடை போதும். இறங்கும் ஆழம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். சில கன்ட்ரோலர்கள் இதைவிடக் கனமாக இருக்கும். கனம் கூடக்கூடத் தரம் கூடும் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அழுத்தியதும் நகர ஆரம்பித்து, விட்டதும் விரலோடு ஒட்டியே மேலே வரும் கட்டைதான் நல்ல கட்டை. கனமாக இருந்து சோம்பலாகத் திரும்பும் கட்டையோடு ஒரு மாதம்கூடச் சேர்ந்து வாழ முடியாது.

[திரையில்: கருப்புக் கட்டைகளுக்கு நடுவே, உள்ளே தள்ளி அழுத்தும் விரல். நெருக்கமான காட்சி]

நேரில் வாசித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு வெள்ளைக் கட்டையை நுனியில் அழுத்துங்கள். அப்புறம் அதே கட்டையை உள்ளே, கருப்புக் கட்டைகளுக்கு நடுவே, பலகையை ஒட்டி அழுத்துங்கள். உள்ளே போனால் கனமாகத்தான் இருக்கும். கீல் பக்கத்தில் கையை வைத்துக் கதவைத் தள்ளுவது போல. பியானோவில் கட்டை உள்ளுக்குள் நெடுந்தூரம் நீண்டிருப்பதால் இந்த வித்தியாசம் குறைவு. கன்ட்ரோலரின் பெட்டிக்குள் அவ்வளவு இடமில்லை, அதனால் கட்டை திரும்பும் புள்ளி விரலுக்கு அருகே வந்துவிடுகிறது. கட்டைவிரல் வெள்ளையிலும் மற்ற விரல்கள் கருப்பிலும் விழும் கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டு) வாசித்துப் பாருங்கள். பி மேஜர் நல்ல சோதனை. கார்டின் ஒரு சுரம் மட்டும் அமுங்கிப்போனால் குறை உங்கள் கையில் இல்லை.

அடுத்து ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப வேகமாகத் தட்டுங்கள். இரண்டு சென்சார் உள்ள கருவியில் கட்டை ஏறக்குறைய முழுதாக மேலே வந்தால்தான் மறுபடி ஒலிக்கும். மூன்று சென்சார் இருந்தால் பாதியில் திரும்ப அழுத்தினாலும் ஒலிக்கும். கட்டையைப் பக்கவாட்டில் லேசாக அசைத்தும் பாருங்கள். சிறு ஆட்டம் இருக்கலாம், கடகடக்கக் கூடாது. சத்தத்தையும் கவனியுங்கள். ஹெட்போன் போட்டு வாசிக்கும்போது உங்களுக்கு ஒன்றும் கேட்காது. ஆனால் அதே அறையில் மைக் ஆனில் இருந்தால் கட்டை அடியில் மோதும் 'தொப் தொப்' அப்படியே பதிவாகும்.

[திரையில்: மிடி மானிட்டர், வரிசையாக ஓடும் வெலாசிட்டி எண்கள்]

இப்போது எண். ஏதாவது ஒரு மிடி மானிட்டரைத் திறந்துகொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கும். இடது கடைசியில் உள்ள ஏ தொடங்கி வலது கடைசி சி வரை, மிடி எண்ணில் 21 முதல் 108 வரை, ஒரே அளவு பலத்தில் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போங்கள். 64, 68, 61, 66 என்று வந்தால் அது மனித விரலின் இயல்பு. நடுவில் ஒரு கட்டை மட்டும் 95 என்று குதிக்கிறதா? திரும்பி வந்து அதையே மறுபடி தட்டுங்கள். ஒவ்வொரு முறையும் குதித்தால் சென்சாரில் பிரச்சினை. கருப்புக் கட்டைகள் எல்லாமே வெள்ளையைவிடக் கூடுதலாகக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். ஒன்றிரண்டு எண் பரவாயில்லை, இருபது என்றால் ஒவ்வொரு டேக்கையும் பியானோ ரோலில் (வாசித்த சுரங்களைத் திருத்தும் திரையில்) உட்கார்ந்து திருத்த வேண்டிவரும்.

அப்புறம் மென்மை. எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக வாசியுங்கள். 10, 15 என்ற எண்கள் உங்களுக்குக் கட்டுப்பட்டு வருகின்றனவா? 40-க்குக் கீழே போகவே மாட்டேன் என்கிறதா? மேல் பக்கம் பார்த்தால், சாதாரணமாகப் பலமாக வாசித்தாலே 127-இல் முட்டி நிற்கக் கூடாது. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில்தான் பாட்டின் உணர்ச்சி இருக்கிறது. ஒரு கன்ட்ரோலரை நான் மதிப்பிடுவது முக்கியமாக இந்த இடத்தில்தான்.

எண்கள் சீராக வருகின்றன, ஆனால் மொத்தமாக மேலே அல்லது கீழே சாய்ந்திருக்கின்றன என்றால் பயப்பட வேண்டாம். அடியின் வேகம் எந்த எண்ணாக மாற வேண்டும் என்பதை முடிவுசெய்யும் வெலாசிட்டி கர்வை மாற்றிச் சரிசெய்யலாம். கருவியிலும் இருக்கும், பெரும்பாலான பியானோ லைப்ரரிகளிலும் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் மாற்றுங்கள். இரண்டிலும் கைவைத்தால் எது எதைக் கெடுக்கிறது என்று தெரியாமல் போகும். கட்டைக்குக் கட்டை தாறுமாறாக வந்தால் எந்தக் கர்வும் காப்பாற்றாது. உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

[திரையில்: பெடல், பின்பக்க இணைப்புகள்]

பெடலுக்கு வருவோம். கட்டையை விட்டபிறகும் ஒலியை நீட்டிக்கும் சாதாரண சஸ்டெயின் பெடல் வெறும் சுவிட்ச்: 0 அல்லது 127. பாதி அழுத்தி ஒலியைக் கொஞ்சம் மட்டும் தேக்க வேண்டுமானால் நடு எண்களையும் அனுப்பும் கன்டினியுவஸ் பெடல் வேண்டும். பெடல், கன்ட்ரோலர், லைப்ரரி மூன்றுமே அதை ஏற்க வேண்டும். ஒன்று ஏற்காவிட்டாலும் பயனில்லை. வாசிக்கும்போதே ஒலியின் அளவைக் காலால் ஏற்றி இறக்கும் எக்ஸ்பிரஷன் பெடலுக்குத் தனி ஜாக் இருந்தால் ஸ்ட்ரிங்ஸ் எழுதுபவர்களுக்குப் பெரிய வசதி.

ஒலியின் தன்மையை மாற்றச் சுழற்றும் மாட்யுலேஷன் வீல் இருக்குமிடமும் முக்கியம். நீளத்தைக் குறைப்பதற்காகச் சில கருவிகளில் வீல்களைக் கட்டைக்கு மேலே ஏற்றிவிடுகிறார்கள். ஸ்ட்ரிங்ஸ், பிராஸ் லைப்ரரி வாசிக்கும்போது இடது கை மணிக்கணக்காக அந்த வீலிலேயே இருக்கும். கை வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். அழுத்திய கட்டையை மேலும் அழுத்தி ஒலியை மாற்றும் ஆஃப்டர்டச் இருந்தால் நல்லது, பியானோ வாசிப்புக்கு அது தேவைப்படாது.

வாசித்ததும் சத்தம் தாமதமாக வந்தால் எல்லோரும் கன்ட்ரோலரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் ஆடியோ பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒலியை வெளியே விடுமுன் சேர்த்து வைக்கும் அளவு. 48 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் என்றால் அதுவே 10 மில்லி விநாடிக்கு மேல். 128-க்கு இறக்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

[திரையில்: மேசை, ஸ்டாண்ட், டேப்பால் அளக்கும் கை]

கடைசியாக இடம். 88 கட்டைகளுக்கு மட்டுமே சுமார் 122 சென்டிமீட்டர் வேண்டும், வீலும் ஓரப் பலகையும் அதற்கு மேல். அதைவிட உயரம்தான் பலர் மறப்பது. பியானோவின் கட்டைகள் தரையிலிருந்து 73 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். 75 சென்டிமீட்டர் மேசைமேல் 12 சென்டிமீட்டர் தடிமனுள்ள கன்ட்ரோலரை வைத்தால் கட்டைகள் 87-க்குப் பக்கம் போய்விடும். தோள் தூக்கியே இருக்கும், மணிக்கட்டு மடங்கும். நாற்காலியை உயர்த்தினால் முழங்கால் மேசையில் இடிக்கும். தாழ்வான ஸ்டாண்டோ இழுக்கும் தட்டோ தேவைப்படும். ஹாமர் ஆக்‌ஷன் கருவிகள் பல 15 கிலோவைத் தாண்டும் என்பதால் அந்தத் தட்டு எவ்வளவு எடை தாங்கும் என்பதையும் கேட்டுவிட்டு, அதன் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.