செங்கோல் சிவப்புக் கோலா?

"செங்கோல் என்றால் சிவப்பு நிறக் கோல் என்றுதானே பொருள்? அப்படியானால் 2023 மே மாதம் புதிய நாடாளுமன்றத்தில் வைத்தது ஏன் பொன்னிறமாக இருக்கிறது?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி ஐயா. பலருக்கும் இந்த ஐயம் இருக்கிறது.

செம்மை + கோல் என்பதுதான் செங்கோல். செம்மைக்குச் சிவப்பு என்ற பொருள் உண்டு. செந்தாமரை, செங்கல் எல்லாம் அப்படி வந்தவை. ஆனால் செம்மைக்கு நேராக இருத்தல், கோணாமல் இருத்தல் என்ற பொருளும் உண்டு. பள்ளியில் செங்கோணம் படித்திருப்பீர்கள். அது சிவப்புக் கோணமா? செங்குத்தான பாறை என்கிறோமே, அது சிவந்த பாறையா? அந்தச் 'செம்'தான் செங்கோலிலும் இருக்கிறது. செங்கோல் என்றால் வளையாத கோல், நேரான கோல்.

இதை எப்படி உறுதியாகச் சொல்கிறேன்? இதன் எதிர்ச்சொல்லைப் பாருங்கள். கருங்கோல் என்றோ வெண்கோல் என்றோ எதிர்ச்சொல் வரவில்லை. கொடுங்கோல் என்றுதான் வந்தது. இன்று நமக்குக் 'கொடு' என்றால் கொடுமைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் பழைய பொருள் வளைவு. காமத்துப்பாலில் வள்ளுவர் 'கொடும்புருவம்' என்று பாடுகிறார். காதலியின் புருவத்தைக் கொடுமையான புருவம் என்று யாராவது சொல்வார்களா? வில்லாக வளைந்த புருவம் என்பதே பொருள். அரசனின் கோல் வளைந்தால் கொடுங்கோல். அந்த வளைவுதான் பிறகு கொடுமையாயிற்று. 'மன்னவன் கோலதூஉம் கோடாதெனின்' என்ற குறளிலும் கோடாது என்றால் வளையாது என்று பொருள். வெற்றியைத் தருவது வேல் அன்று, வளையாத கோல்தான் என்கிறார்.

வடமொழிச் 'சங்கு' என்ற சொல்லிலிருந்து செங்கோல் வந்தது என்று சிலர் எழுதினார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. செங்கோலும் கொடுங்கோலும் எதிரெதிராக நிற்கும் இரட்டைச் சொற்கள். ஒன்றை மட்டும் பிடுங்கிக்கொண்டுபோய் வேறு வேர் காட்டினால் மற்றொன்று அந்தரத்தில் நிற்கும்.

சிலப்பதிகாரத்தில் ஓர் இடம் இருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும். கோவலனைக் கொன்றது தவறு என்று தெரிந்த கணமே பாண்டியன் உயிரை விடுகிறான். பிறகு வஞ்சிக் காண்டத்தில், பேரியாற்றங்கரையில் அந்தச் செய்தியைக் கேட்ட சேரன் செங்குட்டுவன் சொல்கிறான்:

"வல்வினை வளைத்த கோலை மன்னவன்
செல்லுயிர் நிமிர்த்துச் செங்கோல் ஆக்கியது"

வளைத்த, நிமிர்த்து என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். தீவினை கோலை வளைத்துவிட்டது. பிரிந்துபோன உயிர் அதை நிமிர்த்தியது. நிமிர்ந்ததால் அது மறுபடியும் செங்கோல் ஆயிற்று. இதில் சிவப்புக்கு எங்கே இடம்? நாடாளுமன்றத்தில் இருப்பது பொன்னிறமாக இருந்தாலும் செங்கோல்தான் ஐயா. மரத்தில் செய்திருந்தாலும் அதே பெயர்தான்.