உலர் குப்பை உலர்ந்தே வரட்டும்

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரின் குப்பை முன்பு நகருக்கு வெளியே மாவள்ளிபுரா, மண்டூர் என்ற ஊர்களில் இருந்த கிடங்குகளில் போய்க் கொட்டப்பட்டது. கிடங்கைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் நாற்றமும் நோயும் தாங்காமல் போராடினார்கள். 2012இல் மாவள்ளிபுரா நின்றது, 2014 முடிவில் மண்டூர் நின்றது. அடுத்த ஆண்டு டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம், ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, நாப்கின் போன்ற கழிவுக்குச் சிவப்புத் தொட்டி, உலர் குப்பைக்கு ஒரு பை என்ற முறையைக் கட்டாயமாக்கியது. இப்போது நாடு முழுமைக்குமான 2026ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள், ஏப்ரல் 1 முதல், குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் குப்பை, உலர் குப்பை, சானிட்டரி குப்பை (நாப்கின், டயபர் போன்றவை), தனிக் கவனம் வேண்டியவை.

நான்காவதுதான் நம் வீடுகளுக்குப் பழக்கமில்லாதது. டியூப்லைட், சி.எஃப்.எல். பல்பு, பேட்டரி, பெயின்ட் டப்பா, காலாவதியான மருந்து எல்லாம் இதில் வரும். பழைய வகை டியூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் அதன் அட்டை உறையிலேயே வையுங்கள். பழைய போன் பேட்டரியை உலர் பையில் போட்டால், காம்பாக்டர் லாரி அழுத்தும்போது அது நசுங்கித் தீப்பிடிக்கலாம். இன்சுலின் ஊசியை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, மேலே எழுதி ஒட்டித் தனியாகக் கொடுங்கள். நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு பொட்டு வையுங்கள். பிரிப்பவர் அதைத் திறந்து பார்க்க வேண்டியிருக்காது.

இருந்தாலும் எத்தனையாகப் பிரிக்கிறோம் என்பதைவிட எனக்குப் பெரிய கவலை ஈரம்தான். வார்டில் இருக்கும் உலர் கழிவு மையத்தில் பையைக் கொட்டிக் கையால்தான் பிரிக்கிறார்கள். தண்ணீர், குளிர்பானம் வரும் பெட் பாட்டில் ஒரு குவியல், பால் கவர் ஒன்று, அட்டை ஒன்று, கெட்டிப் பிளாஸ்டிக் ஒன்று. அந்தப் பைக்குள் மிச்சச் சாம்பார் பொட்டலம் ஒன்று உடைந்திருந்தால் போதும், காகிதம் ஊறிப் பூசணம் பிடிக்கும், வாங்க வேண்டிய வியாபாரி வேண்டாம் என்பார். பிரித்தவரின் அன்றைய உழைப்புக்குக் காசு இல்லை. அவர்களில் பலர் முன்பு தெருவில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள். அந்த வருமானத்தை நம் சோம்பல் பறிப்பது நியாயமே இல்லை.

பால் கவரை வெட்டும்போது மூலையைத் துண்டாக்கி எறியாதீர்கள், தொங்கலாக விடுங்கள். துணுக்குகளை யாரும் பொறுக்கி எடுக்க முடியாது. பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரில் அலசி, கொடியில் கவிழ்த்துக் காயவிடுங்கள். இட்லி மாவுக் கவரைக் காயும் முன் அலச வேண்டும், காய்ந்துவிட்டால் சிமென்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்க் கவர் தண்ணீருக்கு மசியாது, பழைய செய்தித்தாளால் துடையுங்கள், துடைத்த தாள் ஈரக் குப்பைக்குப் போகட்டும். பீட்சா பெட்டியில் எண்ணெய் ஊறிய அடிப்பக்கத்தைக் கிழித்து ஈரத்திலும், மூடியை உலரிலும் போடலாம். சிப்ஸ் பாக்கெட் பளபளவென்று இருந்தாலும் விலை போகாது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய அந்த அடுக்குகளைப் பிரிக்க முடியாததால், பெரும்பாலும் சிமென்ட் ஆலையின் உலைக்குத்தான் போகும்.

ஈரக் குப்பையைக் கறுப்புக் கவரில் கட்டாதீர்கள். தொட்டியின் அடியில் செய்தித்தாள் விரித்தால் போதும். 'மக்கும் கவர்' என்று அச்சிட்டதையும் நம்பிவிட வேண்டாம். அது மக்குவதற்கு வேண்டிய வெப்பம் வீட்டு உரத்தொட்டியில் வராது. பால் கவரோடு கலந்தாலோ உருக்கிய பிளாஸ்டிக்கின் தரம் கெடும்.

“நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் ஆட்டோவில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே” என்று பலர் கேட்கிறீர்கள். வண்டிக்குள் தடுப்பு இல்லாவிட்டால் அப்படி நடக்கிறது, நீங்கள் கோபப்படுவதில் தப்பில்லை. அப்படியானால் அன்று ஈரக் குப்பையை மட்டும் கொடுங்கள். அலசிக் காயவைத்த உலர் குப்பை நாறாது, எறும்பு வராது, பால்கனியில் இரண்டு வாரம்கூட இருக்கும். உலர் குப்பைக்கான நாளில் கொடுக்கலாம், இல்லையென்றால் நாலு வீட்டார் சேர்ந்து வார்டு மையத்துக்கே நேராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.