ஆகிலும்

நேயர்களுக்கு வணக்கம்.

சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு மனப்பாட வசனம் கொடுத்தார்கள். ரோமர் 10:17. "விசுவாசம் கேள்வியினாலே வரும், கேள்வி தேவனுடைய வசனத்தினாலே வரும்." எனக்கு ஒரே சந்தோஷம். கேள்வி கேட்கக் கேட்க விசுவாசம் வளரும்போல என்று நினைத்து, அன்றைக்கு டீச்சரைத் துளைத்து எடுத்துவிட்டேன். இங்கே கேள்வி என்றால் காதால் கேட்பது என்று அவர்கள்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

நான் முழுக்கத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை என்று இப்போது தோன்றுகிறது. 'கேள்' என்கிற நம்முடைய சொல் பல வேலை பார்க்கிறது. வானொலி கேட்கிறோம். சந்தேகம் கேட்கிறோம். "பையன் சொன்னால் கேட்கவே மாட்டேங்கிறான்" என்று புலம்புகிறோம். அந்தப் பையனுக்குக் காதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். எபிரெயத்தில் 'ஷமா' என்கிற சொல்லும் இப்படித்தான். காதில் வாங்குவதற்கும் அதுதான், கீழ்ப்படிவதற்கும் அதுதான்.

லூக்கா 5-ஆம் அதிகாரத்துக்கு வருவோம். கெனேசரேத்துக் கடல் என்று வேதத்தில் இருக்கிறது. உண்மையில் அது நன்னீர் ஏரி, சுமார் 21 கிலோமீட்டர் நீளம், 13 கிலோமீட்டர் அகலம். சீமோன் என்கிற பேதுருவும் கூட்டாளிகளும் இரவெல்லாம் பாடுபட்டு வெறும் படவோடு கரைக்கு வந்து, வலைகளை அலசிக்கொண்டிருக்கிறார்கள். இயேசு சீமோனுடைய படவில் உட்கார்ந்து ஜனங்களுக்குப் போதித்துவிட்டு, "ஆழத்திலே தள்ளிக்கொண்டுபோய், மீன்பிடிக்கும்படி உங்கள் வலைகளைப் போடுங்கள்" என்கிறார்.

இந்தப் பகுதியை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், பிரசங்கமும் கேட்டிருக்கிறேன். ஆனால் இதை எனக்கு விளக்கியவர் எங்கள் கடற்கரையில் வள்ளம் வைத்திருக்கும் ஒரு அண்ணன். கரையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தவரிடம் கதையைச் சொன்னேன். மீன் கிடைத்த இடம் வரைக்கும் அவர் போகவில்லை. நடுவிலேயே நிறுத்தி, "வலையை அலசின பிறகா போடச் சொன்னாரு?" என்றார். ஆமாம் என்றேன். "அதைச் சொல்லுங்க முதல்ல" என்று சிரித்தார்.

அவர் கையில் இருந்தது நைலான் வலை. அந்தக் காலத்து வலை சணல் நார் மாதிரியான ஆளி நாரில் முறுக்கின நூல். அலசி, பாசியும் குப்பையும் எடுத்து, வெயிலில் காயப்போடாவிட்டால் இற்றுப்போகும். வலையை அலசிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது, இனி வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டியதுதான். அதோடு, நம்மூரில் டிஸ்கோ வலை என்கிறார்களே, அந்த மாதிரி மூன்றடுக்கு வலையை அந்த ஏரியில் இரவில்தான் போடுவார்கள். பகலில் நூல் மீன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சொல்கிறவரோ நாசரேத்தூர்த் தச்சர். கேட்கிறவன் அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்தவன்.

பேதுருவின் பதில் இது: "ஐயரே, இராமுழுவதும் நாங்கள் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை, ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்."

முதல் பாதி சலிப்பு, அனுபவசாலியின் சலிப்பு. அவன் அதை மறைக்கவில்லை, இயேசுவும் அதற்காக அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அப்புறம் ஒரு 'ஆகிலும்'. மரியாளும் தேவதூதனிடம் முதலில் "இது எப்படியாகும்?" என்று கேட்டுவிட்டுத்தானே, "உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" என்றாள். சந்தேகமே வராதவர்கள்தான் விசுவாசிகள் என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு பேரையும் எங்கே உட்கார வைப்பார்கள் என்று தெரியவில்லை.

வலையைப் போட்டதும் அது கிழிந்துபோகுமளவுக்கு மீன் அகப்பட்டது. இதில் ஒரு பிரசங்கம் பிரபலம். 'வலைகளை' என்று பன்மையில் சொன்னார், பேதுரு 'வலையை' என்று ஒன்றை மட்டும் போட்டான், அரைகுறைக் கீழ்ப்படிதல், அதனால்தான் வலை கிழிந்தது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் பேதுரு சொல்வதும் பன்மைதான். ராத்திரி முழுக்க விழித்தவன் மேல் இன்னும் ஒரு குற்றம் எதற்கு?

நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒரு மாற்றத்தை. வலை போடும்முன் 'ஐயரே' என்றவன், மீனைப் பார்த்தபின் காலில் விழுந்து 'ஆண்டவரே' என்கிறான். கீழ்ப்படிந்தபோது அவனிடம் இருந்தது ஐயர் அளவு விசுவாசம்தான். ஆண்டவர் என்று தெரிந்தது வலையை இழுத்த பிறகு.

கீழ்ப்படிந்தால் படவு நிறையும் என்று இதை வியாபாரக் கணக்காகப் பேசுகிறவர்களும் உண்டு. அவர்கள் 11-ஆம் வசனத்தை வாசிப்பதில்லை. படவுகளைக் கரையில் நிறுத்தி, "எல்லாவற்றையும் விட்டு, அவருக்குப் பின்சென்றார்கள்." வாழ்நாளிலேயே பெரிய மீன்பாட்டை விட்டுவிட்டுப் போகிறார்கள். வள்ளத்து அண்ணன் இதைக் கேட்டுப் பதறி, "அப்ப அந்த மீனை யாரு வித்தது?" என்றார். வேதத்தில் அது இல்லை.

இன்னொன்று. கீழ்ப்படி என்றதும் ஊழியக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது என்று நினைத்துக்கொள்கிறோம். இதே பேதுருதான் பிற்பாடு யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்துக்கு முன் நின்று, மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம் என்று சொன்னான். அதற்கு அடியும் வாங்கினான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் என் அண்ணனுக்கும் வீட்டு எல்லைக்கல் விஷயத்தில் தகராறு. மூன்றடி நிலம், நான்கு வருஷம் பேச்சு இல்லை. "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து" என்கிற வசனம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிக்கப்பட்டது. பழக்கமான வசனம்தான். அன்றைக்கு என்னவோ காணிக்கைப் பை என் பக்கத்தில் வந்தபோது கை எழவில்லை. என் வலையை நான் அலசி மடித்து வைத்து எவ்வளவோ நாளாகியிருந்தது. பெரியவர்கள் பேசிப் பார்த்தாயிற்று, பஞ்சாயத்தும் ஆயிற்று, ஒன்றும் அகப்படவில்லை.

ஆராதனை முடிந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். மனதில் ஒரு துளி நம்பிக்கை இல்லை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூடத் திரும்பிவிடலாமா என்றுதான் இருந்தது. அண்ணன் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏளா, தம்பி வந்திருக்கான், காப்பி போடு" என்று மதினியிடம் சொன்னார்.

கல்லைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை. அது அந்த இடத்திலேயேதான் நிற்கிறது. போன மாதம் அதன்மேல் உட்கார்ந்துதான் இரண்டு பேரும் முருங்கைக்காய் பங்கு பிரித்தோம்.