நேயர் கேள்வி: இரண்டாம் கியர் 136 வரை இழுக்கும் காருக்குக் குட்டை கியர் போடலாமா?

வணக்கம். கியர்பெட்டிகளைப் பற்றிய சென்ற உரைக்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்று என்னைக் காகிதமும் கால்குலேட்டருமாக உட்கார வைத்துவிட்டது. ஜெர்மனியில் வசிக்கும் நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் போர்ஷே 718 கேமன் ஜிடி4 இருக்கிறது. ஆறு கியர் மேனுவல். அதன் கியர்கள் மிக நீளமாக இருக்கின்றன, அதாவது ஒவ்வொரு கியரும் மிக அதிக வேகம் வரை போகிறது, இரண்டாம் கியரை முழுதாக இழுப்பதற்குள் சாலையின் வேக வரம்பு தாண்டிவிடுகிறது என்பது அவருடைய குறை. சக்கரங்களுக்குப் போகும் சுழற்சியைக் கடைசியாகக் குறைக்கும் பல்சக்கர இணையான கிரவுன்-பினியனை மாற்றி எல்லாக் கியர்களையும் 15 விழுக்காடு குட்டையாக்கலாம் என்று ஒரு பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால், 3.9 வினாடியில் நூறைத் தொடும், பிடிகே எனப்படும் இரட்டைக் கிளச் தானியங்கிக் கியர்பெட்டி கொண்ட அதே வண்டியோடு, 4.4 வினாடி எடுத்துக்கொள்ளும் தம்முடைய மேனுவல் சமமாக ஓடுமா, ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டுமா என்று கேட்கிறார்.

நம் பழைய நேயர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும். கியர் எஞ்சினுக்குச் சக்தியைக் கூட்டிக் கொடுப்பதில்லை. ஒரு வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது அதை முன்னே தள்ளுவது அந்த நொடியில் எஞ்சின் தரும் சக்திதான். அந்த வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்றில் சுழல வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மட்டுமே கியரின் வேலை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதீர்கள், இன்றைய கேள்விக்கு விடை முழுவதும் இந்த ஒன்றிலிருந்துதான் வரப்போகிறது.

ஜிடி4-இன் முதல் கியர் விகிதம் 3.31, இரண்டாவது 1.95, மூன்றாவது 1.41, நான்காவது 1.13, ஐந்தாவது 0.95, ஆறாவது 0.81. இவை எல்லாவற்றையும் பெருக்கும் ஃபைனல் டிரைவ், அதாவது கிரவுன்-பினியனின் விகிதம், 3.89. பின் டயர் 295/30, 20 அங்குலம். அது ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 2.15 மீட்டர் நகரும். எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை போகும். இரண்டாம் கியரில் 1.95-ஐ 3.89-ஆல் பெருக்கினால் 7.59 வருகிறது, 8,000-ஐ அதனால் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 1,054 முறை சுற்றுகிறது, அதாவது மணிக்கு 136 கிலோமீட்டர். இதே கணக்கில் முதல் கியர் 80-இலும் மூன்றாம் கியர் 188-இலும் முடிகின்றன. ஜெர்மனியில் ஊருக்கு வெளியே உள்ள சாதாரணச் சாலைகளில் கார்களுக்குப் பொது வரம்பு 100 என்பதால், நேயரின் ஏக்கம் புரிகிறது: அந்த எஞ்சினின் உச்சக் குரலை அச்சாலைகளில் அவர் சட்டப்படி கேட்க முடிவது முதல் கியரில் மட்டும்தான்.

இப்போது பட்டறைக்காரர் சொன்ன 15 விழுக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். ஃபைனல் டிரைவ் 3.89 என்பது 4.47 ஆகிறது, முதல் கியர் 70-இலும், இரண்டாவது 118-இலும், மூன்றாவது 164-இலும் முடியும். வண்டி 100-இல், இரண்டாம் கியரில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய அமைப்பில் எஞ்சின் ஏறத்தாழ 5,870 சுற்றில் இருக்கும், புதிய அமைப்பில் 6,750-இல் இருக்கும். இந்த எஞ்சின் 5,000 முதல் 6,800 சுற்று வரை 420 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைச் சமமாகத் தருவதால், முதல் நிலையில் அது சுமார் 350 குதிரைத்திறனும், இரண்டாம் நிலையில் 400-ஐச் சற்றுத் தாண்டியும் தருகிறது. ஆதாயம் உண்மையானது, முதுகில் உணரக்கூடியது. பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை.

ஆனால் அதே வண்டியை 125-க்குக் கொண்டுபோங்கள். மாற்றாத வண்டி இன்னும் இரண்டாம் கியரில்தான் இருக்கிறது. எஞ்சின் 7,340 சுற்றில், தன் உச்சமான 420 குதிரைத்திறனை எட்டும் 7,600-க்கு மிக அருகில் பாய்ந்துகொண்டிருக்கிறது. மாற்றிய வண்டியோ 118-இலேயே மூன்றாம் கியருக்குப் போய்விட்டது. அதன் எஞ்சின் 6,100 சுற்றில் 365 குதிரைத்திறன் மட்டுமே தருகிறது. ஆக, 118-க்கும் 136-க்கும் இடையில் செலவு செய்த வண்டி பின்தங்குகிறது, செலவு செய்யாத வண்டி முந்துகிறது. 136-ஐத் தாண்டி இரண்டும் மூன்றாம் கியரில் ஓடும்போது மாற்றிய வண்டி மறுபடியும் முந்தும், 164-இல் மறுபடியும் பின்தங்கும். கியரைக் குட்டையாக்குவது எல்லா இடத்திலும் வேகத்தைக் கூட்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடைவெளிகளை வரைந்து பார்ப்பதே இல்லை.

பிடிகே-யின் அரை வினாடிக்கு வருவோம். அந்தப் பெட்டியில் ஏழு கியர்கள், இழுவை அறுபடாத கியர் மாற்றம், நின்ற இடத்திலிருந்து கிளம்புவதைக் கணினியே பார்த்துக்கொள்ளும் லாஞ்ச் கண்ட்ரோல் எல்லாம் சேர்ந்துதான் அந்த அரை வினாடியைச் சம்பாதிக்கின்றன. மேனுவலில் நீங்கள் கிளச்சை மிதித்துக் கியரை இழுக்கும் நேரம் அப்படியேதான் இருக்கும். முதல் கியரில் தடையாக இருப்பது பெரும்பாலும் டயரின் பிடிப்பு என்பதால், அதைக் குட்டையாக்கினால் கிடைப்பது புகையும் சத்தமும். ஆகவே அந்தப் போட்டியை மறந்துவிடலாம்.

நேயர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்பது என் எண்ணம். கியர் எவ்வளவு நீளம் என்பதைவிட, ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்குப் போகும்போது எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் எவ்வளவு விழுகிறது என்பதைக் கேட்டிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். இந்த வண்டியில் 8,000-இல் முதல் கியரை விட்டு இரண்டாவதுக்குப் போனால் முள் 4,710-க்கு விழுகிறது; இரண்டிலிருந்து மூன்றுக்கு 5,780; மூன்றிலிருந்து நான்குக்கு 6,410; அதற்கு மேல் 6,700, 6,800. முதல் வீழ்ச்சியைத் தவிர மற்ற எல்லாம் முறுக்குவிசை நிறைந்திருக்கும் பகுதிக்குள்ளேயே வந்து விழுகின்றன. கிரவுன்-பினியனை எதற்கு மாற்றினாலும் இந்த எண்களில் ஒன்றுகூட மாறாது. ஒரு புகைப்படத்தைச் சிறிதாக்கி அச்சிட்டால் அதில் இருப்பவர்கள் நெருங்கி நின்றுவிடுவார்களா என்ன? அவர்களுக்கிடையே இருந்த விகிதம் அப்படியேதான் இருக்கும். முள் குறைவாக விழ வேண்டுமென்றால் பெட்டிக்குள் தனித்தனிக் கியர்களை மாற்ற வேண்டும், அது வேறு வேலை. இரண்டாம் கியரை மட்டும் 2.15 ஆக்கினால் முதலுக்கும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும், ஆனால் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் முள் 5,250-க்கு இறங்கிவிடும். அதனால் மூன்றையும் மாற்ற வேண்டிவரும், பிறகு நான்கு கண்ணை உறுத்தும். பல பெட்டிகளில் முதல் கியரின் பற்கள் உள்ளீட்டுத் தண்டிலேயே வெட்டப்பட்டிருப்பதால், அதைத் தொட்டால் தண்டையே மாற்ற நேரிடும்.

கிரவுன்-பினியன் மாற்றுவதும் எல்லா வண்டியிலும் ஒரே மாதிரியான வேலை அன்று. என் நண்பர் ஒருவர் 1994-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருந்தார், 1.8 லிட்டர், 4.1 ஃபைனல் டிரைவ். முன்எஞ்சின், பின்சக்கர வண்டி என்பதால் கிரவுன்-பினியன் அடங்கிய டிஃபரன்ஷியல் தனிப் பெட்டியாகப் பின்னால் தொங்குகிறது. இரண்டாம் தலைமுறையின் ஐந்து கியர் வண்டியில் வந்த 4.3 டிஃபரன்ஷியலைப் பழையதாக வாங்கி, பெட்டியோடு மாற்றிக்கொண்டார். உள்ளே எதையும் பிரிக்கவில்லை. அவரிடம் தொடக்ககால 1.6 லிட்டர் வண்டி இருந்திருந்தால் இது இவ்வளவு எளிதாக இருந்திருக்காது, ஏனெனில் அதன் கிரவுன் சிறியது. பெரியதுக்கு மாறும்போது டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் அரைஅச்சுகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். நண்பருக்குக் கிடைத்தது ஐந்து விழுக்காடுதான், ஆனாலும் மிகவும் மகிழ்ந்தார். எடை குறைந்த, சக்தி குறைந்த வண்டியில் அந்த ஐந்து விழுக்காட்டுக்கு மதிப்பு உண்டு. நெடுஞ்சாலையில் அவரோடு பேச வேண்டுமானால் குரலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

நேயரின் போர்ஷேயில் எஞ்சின் நடுவில் இருக்கிறது. ஃபைனல் டிரைவ் கியர்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியை வண்டியிலிருந்து இறக்கி, முழுவதும் பிரித்து, பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்று அளந்து ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்து, கிரவுன் பற்களுக்கும் பினியன் பற்களுக்கும் இடையே இருக்க வேண்டிய நூலளவு ஆட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். பிறகு பற்களில் மஞ்சள் வண்ணப் பசையைத் தடவிச் சுழற்றி, பதியும் தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். தடம் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தால் வண்டி ஓடத்தான் செய்யும், ஆனால் 80-இல் மெல்லிய ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்கி நாளாக நாளாகப் பெருகும். பட்டறையில் கேட்க வேண்டியது விலையை அன்று. அந்தத் தடத்தைப் படமெடுத்துத் தருவார்களா என்று கேளுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

இனி, நேயரின் உண்மையான ஆசையை எடுத்துக்கொள்வோம்: 100 வரம்புக்குள் இரண்டாம் கியரை முழுதாக இழுக்க வேண்டும். 15 விழுக்காடு அதைத் தராது, இரண்டாம் கியர் 118 வரை போகிறதே! அது சரியாக 100-இல் முடிய வேண்டுமானால் 36 விழுக்காடு குட்டையாக்க வேண்டும், ஃபைனல் டிரைவ் 5.29 வேண்டும். அப்போது ஆட்டோபான் எனும் ஜெர்மன் விரைவுச்சாலையில் பரிந்துரைக்கப்படும் 130 வேகத்தில், ஆறாம் கியரில், இப்போது 3,170-இல் சுழலும் எஞ்சின் 4,300-ஐத் தாண்டிச் சுழலும். 304 கிலோமீட்டர் உச்சவேகம் கொண்ட வண்டி 241-இல் முட்டி நிற்கும். பெருஞ்செலவு செய்து பாதி வழி போவதா, முழு வழி போய்ப் பயணச் சுகத்தை இழப்பதா என்பதுதான் அவர் முன் இருக்கும் தேர்வு. பந்தயத் தடத்தில் அடிக்கடி ஓட்டுபவராக இருந்தால், அங்குள்ள வளைவுகளில் எந்த வேகத்தில் வெளியேறுகிறார் என்று குறித்து வைத்து, அந்த வேகங்கள் நான் சொன்ன லாப இடைவெளிகளில் விழுகின்றனவா என்று பார்த்து முடிவெடுக்கலாம். அவருக்கு 15 விழுக்காடு பயன்படக்கூடும். வார இறுதியில் மலைச்சாலைக்குப் போவதற்கு மட்டும் என்றால் நான் செய்யமாட்டேன்.

ஜெர்மனியில் இருப்பதால் இன்னொன்றும் உண்டு. வண்டியின் புகை அல்லது சத்தத்தின் அளவை மோசமாக்கும் மாற்றம் எதுவானாலும் வண்டியின் இயக்க அனுமதி செல்லாமல் போகும் என்பது அந்நாட்டு விதி. குட்டை கியரில் எஞ்சின் கூடுதலாகச் சுழல்வதால் இந்த விதி நேராக இங்கே வந்து நிற்கிறது. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே பரிசோதனை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் உத்தரவாதம் கியர்பெட்டிக்குத் தொடரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசியாக ஸ்பீடோமீட்டர். நண்பரின் பழைய மாஸ்டாவில் வேகம் கியர்பெட்டியின் வெளியீட்டில், அதாவது ஃபைனல் டிரைவுக்கு முன்னாலேயே அளக்கப்படுகிறது. அதனால் அவர் 100-இல் போகும்போது முள் 105 காட்டியது, ஸ்பீடோ கேபிளின் சிறு பல்சக்கரத்தை மாற்றிச் சரிசெய்தார். உங்கள் வண்டியில் வேகம் சக்கரங்களில் உள்ள ஏபிஎஸ் உணரிகளிலிருந்து வருவதால் அது மாறாது. ஆனால் கியர் இறக்கும்போது எஞ்சின் சுற்றைத் தானாகவே ஏற்றித் தரும் ஆட்டோ பிளிப் வசதி பழைய விகிதங்களை நம்பி அமைக்கப்பட்டது. புதிய கிரவுன்-பினியனுக்கு ஏற்ப அதைத் திருத்தித் தருவார்களா என்று பட்டறையில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.