இன்ஜின் விளக்கும் புகைச் சான்றும்

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று நம் பக்கத்தில் பல வீடுகளில் இதுதான் நிலைமை. வீடு இங்கே, பிழைப்பு சென்னையிலோ கடல் கடந்தோ. கார் கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும். படைப்பு, சாந்திக் கல்யாணம் என்று ஊருக்கு வந்து ஸ்டார்ட் செய்தால், மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் போட்ட விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. எடுத்துப் பார்த்தால் புகைச் சான்றும் முடிந்திருக்கிறது. "ஸ்கேனரைப் போட்டு விளக்கை மட்டும் அணைச்சு விடுங்க தம்பி, சான்று வாங்கிட்டு வந்திடறேன்" என்று மெக்கானிக்கிடம் சொல்பவர்கள் நிறைய.

அதனால் ஒரு பயனும் இல்லை. புகைப் பரிசோதனையில் டேஷ்போர்டு விளக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. சைலன்சருக்குள் குழாயை விட்டுப் புகையை அளக்கிறார்கள். பி.எஸ்.4, பி.எஸ்.6 (அரசின் புகைத் தர வரம்புகள்) பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்மையும் (பத்து லட்சத்தில் 200 பங்கு) தாண்டக் கூடாது. விளக்கை அழித்ததால் இந்த எண்கள் இறங்காது. அழித்தால் நஷ்டம்தான். பழுது விழுந்த நேரத்தில் இன்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, எத்தனை ஆர்பிஎம்மில் ஓடியது என்ற விவரத்தை வண்டியின் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். ஆகவே ஸ்கேனர் காட்டும் பழுது எண்ணையும் ('பி0135' போல வரும், பட்டறையில் அதைக் 'கோடு' என்பார்கள்) அந்த விவரத்தையும் முதலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறுகிறது என்று பொருள். அது கேட்கானுக்குள் (சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) போய் எரியும், கேட்கான் உருகும். பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் ஒரு காயிலில் முடிய வேண்டிய செலவு பல மடங்காகிவிடும்.

நின்ற வண்டிக்கு முதலில் பேட்டரியைப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட், ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை இருக்க வேண்டும். மின்சாரம் இறங்கிய பேட்டரியால் சம்பந்தமே இல்லாத நாலைந்து கோடுகள் ஒன்றாக விழும். அதை நம்பி சென்சர் வாங்கக் கூடாது.

அடுத்தது எலி. நம் ஊர்க் கொட்டகைகளில் இதுதான் பெரிய காரணம். டார்ச் லைட்டோடு பானெட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரித் தட்டுக்கு அடியில் தேங்காய் நாரும் எலிப் புழுக்கையும் கிடக்கும். அங்கிருந்து ஒயரோடு ஒயராகக் கையைக் கொண்டுபோனால், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சருக்குப் போகும் நாலு ஒயர்களில் ஒன்றில் மேல்தோல் போய்ச் செம்புக் கம்பி பளபளக்கும். சில நேரம் ஒயர் துண்டாகவே போயிருக்கும். பி0135 என்ற கோடு வந்தால் அந்த சென்சரின் ஹீட்டர் இணைப்பில் கோளாறு. உடனே சென்சர் வாங்க ஓடாதீர்கள். ஃபியூஸைப் பாருங்கள். பிறகு சென்சர் ஒயரின் இணைப்பைக் கழற்றி, சென்சர் பக்கத்தில் ஒரே நிறத்தில் உள்ள இரண்டு ஒயர்களுக்கு நடுவே மீட்டரை வையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 3 முதல் 15 ஓம் வரை காட்டினால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது, குற்றம் ஒயரில். மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை என்றால்தான் சென்சர் மாற்ற வேண்டும்.

ஒயரை ஒட்டுவதிலும் கவனம் வேண்டும். இந்த சென்சர்களில் பல, வெளிக்காற்றைத் தங்கள் ஒயரின் இழைகள் வழியாகத்தான் உள்ளே எடுக்கின்றன. ஈயப் பற்று வைத்தால் அந்த வழி அடைபட்டு, சென்சர் தப்புத் தப்பாகச் சொல்லும். கிரிம்ப் இணைப்புப் போட்டு, மேலே ஹீட் ஸ்லீவ் மாட்டுங்கள். வெறும் டேப் சுற்றினால் சைலன்சர் சூட்டில் இளகிவிடும்.

பி0301, பி0302 என்று வந்தால் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, கடைசி எண்தான் அந்த சிலிண்டர். பி0301 என்றால், ஒன்றாம் சிலிண்டர் காயிலை மூன்றாவதில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். கோடு பி0303-ஆக மாறினால் காயில் போய்விட்டது. மாறாவிட்டால் அடுத்து ஸ்பார்க் பிளக், அதற்கடுத்துப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்.

அதிகம் ஏமாற்றுவது பி0171. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லாது. ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் என்ற அளவை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதை, திறந்து பாருங்கள். பத்து சதவீதத்துக்குள் கூடுவதும் குறைவதும் இயல்பு. உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சர் உள்ள வண்டியில் ஐடிலிங்கில் 20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் 3-க்கு இறங்கினால், ஏதோ ஒரு ரப்பர் குழாய் விரிசல் விட்டு, கணக்கில் வராத காற்று புகுகிறது. சோப்புத் தண்ணீரைக் குழாய்களின் மேல் பீய்ச்சுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் தண்ணீர் உள்ளே இழுபடும், இன்ஜின் ஓசை மாறும். பெட்ரோல் கலந்த ஸ்பிரேயைச் சூடான இன்ஜினில் அடிக்க வேண்டாம், தீப்பிடிக்கும். வேகம் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் ஃபில்டர், பம்ப், அல்லது அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சர். செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்குக் கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் வருகிறது. அந்த சென்சருக்கென்று விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள், துணியால் துடைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுந்துபோகும்.

கேட்கான் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று பொருள்படும் பி0420 வந்தால் 'கேட்கான் போச்சு' என்று விலை சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். கேட்கானுக்கு முன்னும் பின்னும் உள்ள சைலன்சர் ஜாயின்ட்டில் கசிவு இருந்தாலும் இதே கோடுதான். சாதாரண ஆக்சிஜன் சென்சர் என்றால், முன்னால் இருப்பது 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும், பின்னால் இருப்பது 0.6, 0.7 என்று ஏறக்குறைய நிலையாக நிற்கும். கசிவு ஏதும் இல்லாமல், பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால்தான் கேட்கான் தேய்ந்துவிட்டது.

டீசல் காருக்குக் கணக்கு வேறு. அங்கே அளப்பது புகையின் அடர்த்தி. ஏர் ஃபில்டரையும் டர்போ குழாயையும் முதலில் பாருங்கள்.

பழுது சரியானபின் ஸ்கேனரில் அந்தப் பழுதுக் கோடை அழித்துவிட்டுத் திருமயம் வரை ஒரு தடவை போய்த் திரும்புங்கள். வந்த சூட்டோடு, இன்ஜினை அணைக்காமல் பரிசோதனைக்குப் போங்கள். கேட்கான் ஏறக்குறைய 300 டிகிரி தொட்டால்தான் வேலை செய்யும். வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் போய் நின்றால் நல்ல வண்டியும் தோற்கும். ஏ.சி.யை அணைத்துவிடுங்கள்.

மறுபடி வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வையுங்கள். இருட்டும் கதகதப்பும் எலிக்குப் பிடிக்கும், பானெட்டைத் திறந்தே வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து கம்பியை மாட்டியதும் ஐடிலிங் சற்று ஏறி இறங்கும். கம்ப்யூட்டர் பழைய கணக்கை மறந்திருக்கும், அரைமணி நேரம் ஓட்டினால் மறுபடி கற்றுக்கொள்ளும். அன்றைக்கே புகைச் சான்றுக்குப் போவதாக இருந்தால், அந்த அரைமணிக்குப் பிறகு போங்கள்.