சோடியம் குறைந்தால் உப்பை அள்ளிக் கொடுக்காதீர்கள்!

[திரையில்: பரிசோதனைத் தாள்; சோடியம் 122, சிவப்பு வட்டம்]

அப்பாவுக்குச் சோடியம் 122. தாள் கைக்கு வந்தவுடனே மோரில் உப்பை அள்ளிப் போட்டுக் கொடுக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். முதியவர்கள் பலருக்கு உடலில் தண்ணீர் கூடிப்போனதுதான் சிக்கல். ரசத்தில் இரண்டு குவளை வெந்நீரை ஊற்றினால் போட்ட உப்பு அப்படியே இருக்கும், ருசி மட்டும் சப்பென்று ஆகிவிடும். இரத்தத்திலும் அதுதான் நடக்கிறது.

இயல்பு அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். குறைந்தால் குழப்பம், தள்ளாட்டம், கீழே விழுதல். வலிப்பு வந்தாலோ சுயநினைவு தப்பினாலோ வீடியோவை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

[திரையில்: மாத்திரை அட்டைகள்]

முதலில் மாத்திரைகளைப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கான கூட்டு மாத்திரைகள் சிலவற்றின் பெயர் 'எச்' என்று முடியும். அது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர்ப்போக்கியை, அதாவது சிறுநீரைக் கூட்டும் மருந்தைக் குறிக்கும். குளோர்தாலிடோன், இண்டபமைடு, மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம், வலிப்புக்கான கார்பமசெபைன் ஆகியவையும் சோடியத்தை இறக்கக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

[திரையில்: சிறுநீர்க் குப்பி]

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சர்க்கரை எகிறினாலும் சோடியம் குறைந்து தெரியும் என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவார்கள். அடுத்தது சிறுநீர். தண்ணீர் மிகுந்த உடல் அதை நீர்த்த சிறுநீராக வெளியே தள்ள வேண்டும். சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டி, அதாவது அதில் உப்பு போன்ற பொருள்கள் எவ்வளவு செறிவாகக் கரைந்திருக்கின்றன என்ற அளவு, 100க்குக் கீழே இறங்க வேண்டும். அப்படி இறங்கியிருந்தால் சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறாரா, மூன்று வேளையும் கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறாரா என்று கேட்க வேண்டும். 100க்கு மேல் என்றால் ஏடிஎச் என்ற ஹார்மோன் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

ஏன் பிடிக்கிறது? அதற்குச் சிறுநீரின் சோடியத்தைப் பாருங்கள். லிட்டருக்கு 30 மில்லிமோலுக்குக் கீழே என்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு, இதயச் செயலிழப்பு, கல்லீரல் சுருக்கம் என்று தேடுவார்கள். 30க்கு மேல் என்றால் நீர்ப்போக்கி மாத்திரையா, சிறுநீரக நோயா, அல்லது தேவையின்றி ஏடிஎச் சுரக்கிறதா என்று யோசிப்பார்கள். இந்தக் கடைசி நிலையை 1957இல் சுவார்ட்ஸ், பார்ட்டர் உள்ளிட்ட மருத்துவ ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது நுரையீரல் புற்றுநோயாளிகள் இருவரை. இரத்தத்தில் சோடியம் குறைவு, சிறுநீரிலோ அது போய்க்கொண்டே இருந்தது. அதை வைத்தே ஹார்மோன் தேவையின்றிச் சுரக்கிறது என்று ஊகித்தார்கள். எவ்வளவு கூர்மையான மூளைகள்! புற்றுநோய் மட்டுமல்ல, நிமோனியாவும் காசநோயும்கூட இதைத் தூண்டும்.

இளையவருக்கு நீரிழப்பு இருக்கிறதா என்று தோலைக் கிள்ளிப் பார்க்கலாம். எண்பது வயதில் தோல் எப்படியும் தளர்ந்துதான் இருக்கும்; அதை நம்ப முடியாது. அதனால் சிறுநீருக்கு இன்னும் மதிப்பு அதிகம். இயன்றால் டிரிப்ஸ் ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏடிஎச் மிகுந்தவருக்குச் சாதாரண சலைன் ஏற்றினால் சோடியம் இன்னும் இறங்கவும் கூடும்.

தைராய்டு, காலை நேரக் கார்ட்டிசால் (உடலே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்) ஆகிய இரண்டு பரிசோதனைகளையும் விட்டுவிடக் கூடாது. மூட்டுவலிக்கு நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டுத் திடீரென நிறுத்தியவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், அக்காவுக்கு இதை அனுப்புங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், வேறு மருத்துவர் கொடுத்தவை உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.