எரிபந்தமும் தாவும் மரபணுவும்

வணக்கம் நேயர்களே. மாரி மூட்டமும் இரவுப் பனியும் சேர்ந்த நாட்களில் பெரும்போக வட்டைக்குள் இறங்கியவர்களுக்கு நெல்லின் எரிபந்த நோயை நான் விளக்கத் தேவையில்லை. இலையில் கண் வடிவப் புள்ளி. நடுவில் சாம்பல், ஓரத்தில் கபிலம். கதிரின் கழுத்தில் பிடித்தால் நெல் பதராகிவிடும். யூரியாவை அள்ளிக் கொட்டிய வயலில் கூடுதலாக வரும். இதை எங்கே பேசப் போனாலும் சொல்லுவேன், இங்கேயும் சொல்லியாயிற்று.

நோயைத் தாங்கும் என்று வாங்கிய விதைநெல் சில போகங்களில் தோற்றுவிட்டால், படுவான்கரையில் முதல் ஏச்சு விதைக்குத்தான். விதை அப்படியேதான் இருக்கும்; மாறியிருப்பது எரிபந்தத்தை உண்டாக்கும் பங்கசாக இருக்கலாம்.

எப்படி மாறும்? இலைக்குள் நுழையும் பங்கசு சில புரதங்களைச் சுரக்கிறது. கழுத்தில் மணி கட்டிய மாடு வயலில் இறங்கினால் காவற்காரன் எழும்பிவிடுவான் அல்லவா? பை-டா என்ற மரபணு உள்ள நெல்லும் அப்படித்தான், ஒரு புரதத்தை வைத்தே பங்கசைக் கண்டுபிடித்துத் தடுத்துவிடும். பங்கசில் அந்த மணியைச் செய்யும் மரபணு ஏ.வி.ஆர்.-பிடா. அதை இயக்கும் பகுதிக்குள் பொட்3 என்ற டி.என்.ஏ. துண்டு பாய்ந்து செருகிக்கொண்டதால் மணி ஊமையாகி, பை-டா உள்ள யாஷிரோ-மோச்சி என்ற நெல்லை அதே பங்கசு தாக்கியது. 2001இல் வெளிவந்த ஆய்வு இது. கவனியுங்கள், அந்தத் துண்டு வெளியிலிருந்து வந்ததல்ல. பங்கசின் நிறமூர்த்தங்களிலேயே பல பிரதிகளாகக் கிடப்பது. மறுபடியும் சொல்கிறேன், பங்கசுக்குள்ளேயே கிடப்பது.

இப்படித் தாவும் துண்டுகளைச் சோளனில் 1940களிலேயே கண்டவர் பார்பரா மெக்ளின்டொக். நொபெல் பரிசு வந்ததோ 1983இல்! அவரைப் பற்றித் தொடங்கினால் நான் நிறுத்த மாட்டேன், விடுவோம்.

தாவுவதற்கு ஒரு நொதியம் வேண்டும், டி.என்.ஏ.யை வெட்டிப் பொருத்த. எரிபந்தப் பங்கசில் மாகி என்று இன்னொரு துண்டு உண்டு. அதன் நொதியமும் எச்.ஐ.வி. வைரசு நமது கலத்துக்குள் தன்னைச் செருகிக்கொள்ளும் இன்டிகிரேஸ் நொதியமும் உறவுக்காரர்கள். இரண்டிலும் மூன்று அமினோ அமிலங்கள் உலோக அயன்களைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். எச்.ஐ.வி.யின் அந்த நொதியத்தை அடைக்கும் முதல் மருந்தான ரால்டெக்ராவிருக்கு 2007இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைக் கரைத்து வயலுக்குத் தெளிக்கலாமா என்று கேட்டு எழுதிவிடாதீர்கள். வைரசு பெருகுவதற்குச் செருகியே ஆக வேண்டும். பங்கசுக்கோ துண்டு தாவாவிட்டாலும் பிழைப்பு நடக்கும். நன்றி, வணக்கம்.